தனுஜாவின் துண்டுகளும் கோயில் ஏணியும்

தனுஜா வேலைக்குப் போகிறாள் என்றால் தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப் பிரிவில் யாரும் நம்புவதில்லை. காரணம், அவள் எங்கேயும் போவதில்லை. கூடையை மாட்டிக்கொண்டு கிளம்பினால் அது வேலை. றக்வான பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்த் துணிக்கடையில் நின்றால் அதுவும் வேலை. ஐந்தாம் நம்பர் லயத்து வரிசை வீடுகளில் மூன்றாவது காம்பராவில், தையல் மெஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு, அந்த மேசையில் லெப்டொப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, சில நேரம் அரை மணித்தியாலம் ஒரு விரலைக்கூட அசைக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு என்ன பெயர் என்பதில் லயத்தில் இரண்டு கட்சிகள் இருந்தன. பிள்ளை இன்னும் படித்து முடிக்கவில்லை என்றது ஒரு கட்சி. படித்ததால் வந்த வினை என்றது மற்றது.

தனுஜாவுக்கே சில நாட்களில் இரண்டாவது கட்சியில் சேரலாம் போலிருக்கும்.

அந்தப் பிரிவில் பல்கலைக்கழகம் போய்ப் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். அதற்காகக் கோயிலில் பொன்னாடை போர்த்தினார்கள். மேடையில் பேசிய ஐந்து பேரும், நமது பிள்ளை விரைவில் டீச்சராக வரப்போகிறாள் என்று அறிவித்தார்கள். அவள் படித்தது கணினி என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. சொல்ல எழுந்தவளைத்தான் பொன்னாடையால் மூடிவிட்டார்களே.

வேலை கொழும்புக் கொம்பனி ஒன்றில். கட்டிலருகில் வைத்து நோயாளியின் இதயத் துடிப்பைக் காட்டும் பெட்டி ஒன்றுக்கு அவர்கள் இயங்குதளம் எழுதுகிறார்கள். பெட்டிக்குள் திரை, ஒலிபெருக்கி, பெட்டரி, தரவைச் சேமிக்கும் தட்டு என்று பல உறுப்புகள். ஒவ்வொன்றையும் இயக்க ஒரு சிறிய நிரல் உண்டு. அதற்கு டிரைவர் என்று பெயர். எல்லா டிரைவர்களும் குடியிருப்பது இயங்குதளத்தின் நடுவயிறான கேர்னலில். அங்கே அறைகளுக்கு இடையில் சுவர் கிடையாது. யாரும் யாருடைய உறுப்பையும் தொடலாம்.

ஒருநாள் தொட்டும்விட்டது. சோதனையின்போது சத்தம் போடுகிற டிரைவர், தன் இடத்தில் எழுதவேண்டிய இலக்கத்தை நான்கு இடம் தள்ளி எழுதிவிட்டது. அது பெட்டரியின் இடம். 'பீப்' என்று கத்தவேண்டிய பெட்டி, பொத்தென்று அணைந்தது. நல்லவேளை, அன்று பெட்டியோடு வயரால் பிணைக்கப்பட்டுக் கிடந்தது நோயாளி அல்ல, தனுஜாவின் குழுத்தலைவன் றிஸ்மி. பெட்டியின் பதிவுப்படி அவன் அன்று பின்னேரம் நாலு பத்துக்குக் காலமாகிவிட்டான். நாலு பதினைந்துக்குப் பிளேன்டீ குடித்துக்கொண்டே, இனி எந்த டிரைவரும் அனுமதி இல்லாமல் எந்த உறுப்பையும் தொடக் கூடாது, அதற்கு ஒரு சட்டகம் வடிவமைக்க வேண்டும் என்று சொல்லி, அதைப் புதிதாகச் சேர்ந்திருந்த தனுஜாவின் தலையில் கட்டினான்.

மூன்று மாதமாக அவள் அதைத்தான் கட்டிக்கொண்டிருந்தாள். அடித்தளம் எளிமையானது. தோட்டத்தில் மருந்தெடுக்கவோ, லொறியில் ஏறவோ, லீவு போடவோ மேலாளரான பெரிய ஐயா கையெழுத்து வைத்த துண்டு வேண்டும். அதேபோல ஒவ்வொரு டிரைவருக்கும் கேர்னல் ஒரு துண்டு கொடுக்கும். இந்த உறுப்பைத் தொடலாம், இதை வாசிக்கலாம், இதில் எழுதலாம், இவ்வளவுதான். துண்டில்லாமல் கைநீட்டினால் கை தட்டிவிடப்படும். ஆவணத்தில் அதற்கு ஆங்கிலத்தில் அழகான பெயர் வைத்திருந்தாள். மனதிலும் பேச்சிலும் அது துண்டுதான்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அந்த வடிவமைப்பைப் பெரிய மெடமான நிலந்தியின் முன்னால் வைத்துக் காக்க வேண்டும். நின்றால் வேலை நிரந்தரம். விழுந்தால், ஆறுமாதத் தகுதிகாண் காலம் அன்றோடு முடிகிறது, நன்றி, வணக்கம்.

புதன்கிழமை பின்னேரம் றிஸ்மி போன் எடுத்தான். ஊர் பலாங்கொடைப் பக்கம். சேர் என்று கூப்பிடக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டதால் அவளுக்கு அவன் நானா, அதாவது அண்ணன்.

"டொக்கியுமன்ட் வாசிச்சன் தனுஜா. நல்லா ஈக்கி. ஒன்டு கேக்கணும். பதினோராம் பக்கத்தில, ஒரு டிரைவர் தன்ட துண்ட இன்னொரு டிரைவருக்குக் குடுக்கலாம்னு போட்டிருக்கீங்களே?"

"ஆமாங்க நானா. தரவு சுமக்குற சிப்பு ஒன்னுதானே இருக்கு. தட்டுக்கும் வேணும், சத்தத்துக்கும் வேணும், திரைக்கும் வேணும். ஒருத்தர் வேலை முடிஞ்சா அடுத்தவருக்குக் குடுக்கலாமில்ல?"

"சரி. வாங்கினவன் இன்னொருத்தனுக்குக் குடுத்தா?"

"குடுக்கலாங்க."

"அவன்?"

"அவனும் குடுக்கலாம்."

"அப்ப முதல் ஆள் திருப்பி எடுக்கிறது எப்பிடி?"

தனுஜா யோசிக்கவே இல்லை. "கேட்டா குடுப்பாங்க."

 

"ஆரு குடுப்பாங்க?" என்றான் றிஸ்மி மெதுவாக.

"வாங்குனவங்க."

"டிரைவர்?"

"ஆமா…"

"தனுஜா. என்னைய ஒருக்கா மவுத்தாக்கினது ஒரு டிரைவர்."

அவள் பதினோராம் பக்கத்தைத் திரையில் திறந்தாள்.

"நிலந்தி மெடம் நேரா இந்தப் பக்கத்துக்குத்தான் வருவாங்க. இதுக்குப் பதில் இல்லாட்டி மத்த நாப்பது பக்கமும் வேலையில்ல. எனக்கு ஒன்டும் செல்லேலா. உங்கட கையில ஈக்கி."

போனை வைத்துவிட்டுப் பதினோராம் பக்கத்தை ஐந்து தரம் வாசித்தாள். ஓர் ஆண்டு முழுக்க இயங்குதளம் படித்தவள். யாரையும் நம்பாதே என்பதுதான் முதல் பாடம். பரீட்சையில் அதை எழுதிப் புள்ளியும் வாங்கியிருக்கிறாள். பிறகு எப்படி இந்த வரி தன் கையாலேயே வந்தது? குழுவில் மற்றவர்கள் யாரும் இதை எழுதியிருக்கமாட்டார்கள். அவர்கள் படித்ததைத்தானே தானும் படித்தாள்? படித்ததெல்லாம் மேலே பூசிய சுண்ணாம்புதானா, சுரண்டினால் உள்ளே லயம்தான் இருக்கிறதா? இப்படி ஆரம்பித்தால் அவளுக்கு நிற்காது. அம்மா வந்து, "சோறு ஆறிப்போச்சு, செவுரு எங்கயும் ஓடிராது" என்று எழுப்பும்வரை நிற்கவில்லை.

வியாழக்கிழமை விடியற்காற்று அடுத்த சங்கடத்தைக் கொண்டு வந்தது. இன்டர்நெட் இல்லை. வெளியே வந்து பார்த்தால், அப்பா மூங்கில் கட்டிக் கூரைமேல் நிறுத்தியிருந்த அன்டெனா, றக்வான டவரைப் பார்ப்பதை விட்டுவிட்டு முழுதாகத் திரும்பிக் காட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது. அப்பா இரத்தினபுரியில் மாணிக்கக் குழியில் இருந்தார். சனிக்கிழமைதான் வருவார். கூரை தகரம், செங்குத்து, மழையில் வழுக்கும். ஏணி இல்லாமல் முடியாது.

பிரிவுக்கே ஏணி ஒன்றுதான். கோயிலுடையது. பதினாறு படி வைத்த அலுமினிய ஏணி. இரண்டு பக்கமும் சிவப்புப் பெயின்ட்டில் 'ஸ்ரீ மாரியம்மன் கோயில்' என்று எழுதியிருக்கும். பொறுப்பு கோயில் கமிட்டித் தலைவர் இருளப்பன். ஃபெக்டரியில் முப்பது வருடம் அடுப்படியில் நின்று ஓய்வுபெற்றவர். தேயிலை காய்கிற சூட்டில் பாதி அவர் பேச்சிலும் தங்கிவிட்டது.

"ஏணியா? மூக்காயி வீட்ல இருக்கு பாப்பா. பொங்கல் முடிஞ்சு மொளகு பறிக்க வாங்குனா" என்றார். "போயி கேளு. கேட்டா குடுப்பா."

தனுஜாவுக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் போனாள்.

ஏழாம் நம்பர் லயத்து மூக்காயி, பழைய ஆள் என்பதால் மலைக்குப் போகாமல் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் ஒன்று, காலடியில் இரண்டு. "ஏணியா? எங்கிட்டயா? அது மாசி மாசமே போயிருச்சே. சசிப் பய டிஷ்ஷு பூட்டணும்னு தூக்கிட்டுப் போனான். கேட்டா குடுப்பான்டி."

பின்னாலேயே வந்திருந்த இருளப்பனுக்கு ஏறிவிட்டது. "கோயில் ஏணிய நீ யாரக் கேட்டு அவனுக்குக் குடுத்த?"

"நீங்க யாரக் கேட்டு எனக்குக் குடுத்தீங்க? கமிட்டியக் கூட்டியா? மொளகுல அரைக் கிலோ வாங்கிக்கிட்டுத்தானே குடுத்தீங்க?"

இருளப்பன் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்தி, தனுஜாவின் பக்கம் திரும்பினார். "வா பாப்பா. நானும் வாரேன். இது சும்மா விடுற விசயமில்ல."

சசி திரீவீலர் ஓட்டுகிறவன். மீதி நேரத்தில் டிஷ் பூட்டுகிறவன். சந்தியில் வண்டிக்குக் கீழே படுத்திருந்தான். கால் மட்டும் தெரிந்தது. கால்தான் பதிலும் சொன்னது.

"ஏணி லாபிர் நானாகிட்ட அக்கா. சித்திரை வருசத்துக்கு முந்தி, கடைக்குப் புது போர்ட் அடிக்க வாங்குனாரு."

"கேட்டா குடுப்பாரா?" என்றாள் தனுஜா.

"ஏன் குடுக்காம?" கால் ஆச்சரியப்பட்டது. "அவசரம்னா சொல்லுங்க, வண்டிய ஒங்க வீட்டோரமா நிப்பாட்டி, அதுக்கு மேல ஏறி நான் திருப்பி விடுறேன்."

போன வருடம் அப்படி ஏறி அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தது ஊருக்கே தெரியும். "வேணாம்" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

லாபிர் நானாவின் கடை சந்தியின் மறுபக்கம். கருவாடு, கொப்பி, குடை, போன் ரீலோட் எல்லாம் அங்கே. புதுப் போர்ட் பளபளவென்று உயரத்தில் நின்றது.

"ஏணி எனக்கிட்ட ஈந்திச்சி புள்ள" என்றார் நானா, பருப்பை நிறுத்தபடியே. "இப்ப இல்ல. வெசாக் நேரம் ஆத்துக்கு அங்கால கிராமத்து குணே அய்யா வந்து கேட்டாரு, கூடு கட்டித் தொங்கப் போட. நல்ல காரியத்துக்குக் கேக்கக்குள்ள இல்லைண்டு செல்லேலுமா?"

இருளப்பன் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். மாரியம்மன் கோயில் ஏணியில், முஸ்லிம் கடைக்காரர் கொடுத்து, பௌத்தர்களின் வெசாக் விளக்குக் கூடு ஏறியிருக்கிறது. கோபப்படுவதா பெருமைப்படுவதா என்று அவருக்கே பிடிபடவில்லை. அதனால் இரண்டும் கலந்த ஒரு சத்தம் போட்டார்.

"கேட்டா தருவாரு" என்று லாபிர் நானா ஆறுதலாகச் சொன்னார்.

அந்த இடத்தில்தான் தனுஜாவுக்கு உறைத்தது. நான்கு வாய் ஒரே வரி. அவளுடைய பதினோராம் பக்கம் சந்தியில் நின்று பேசிக்கொண்டிருந்தது. எல்லாரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். கேட்டால் எல்லாரும் கொடுப்பார்கள்தான். ஆனால் கேட்பதற்கு ஆள் எங்கே இருக்கிறார் என்று ஒருவருக்கும் தெரியாது. காலையில் இருளப்பனுக்கு மூக்காயி வரைக்கும்தான் தெரியும். மூக்காயிக்கு சசி வரைக்கும். முழுச் சங்கிலியும் தெரிந்தவர்கள் உலகத்திலேயே இப்போது அவளும் இருளப்பனும்தான்; அதுவும் காலையிலிருந்து அவள் செருப்பு அறுந்துபோகுமளவு நடந்ததால். பன்னிரண்டு வீட்டுக்கு ஒரு கிரைண்டர், ஒரு வயர் ரோல் என்று வளர்ந்தவளுக்கு, கொடுத்த பொருளை யார் வைத்திருக்கிறார் என்று எழுதிவைப்பது மரியாதைக் குறைவு. குழுவில் மற்றவர்கள் அவரவர் வீட்டில் சொந்தமாக ஏணி உள்ளவர்கள்.

கிராமத்துக்கும் தோட்டத்துக்கும் நடுவில் ஓடை. ரப்பர் மரங்களுக்குள்ளால் இறங்கிப் போனபோது பகல் இரண்டு மணி. தண்ணீர்ச் சத்தம் முதலில் கேட்டது. பிறகு இருளப்பனின் சத்தம்.

"அடப் பாவிகளா!"

வெசாக்குக்குப் பின் வந்த பெருமழையில் மரப்பாலம் போயிருந்தது. அது இருந்த இடத்தில், கரைக்குக் கரை, ஏணி படுத்திருந்தது. படிகளின் மேல் பலகை வைத்து, உரப்பைக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். பக்கவாட்டில் 'ஸ்ரீ மாரியம்மன்' தெரிந்தது. 'கோயில்' தண்ணீர்ப் பாசிக்குள் போயிருந்தது. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள், இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும், சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கடந்துகொண்டிருந்தார்கள்.

இருளப்பன் இடுப்பில் கைவைத்து நின்றார். "எடுக்கணும். எடுத்தே தீரணும். இது கோயில் சொத்து." பிறகு கொஞ்சம் தணிந்து, "இந்தப் புள்ளைங்க போயிரட்டும்" என்றார்.

பிள்ளைகள் போனார்கள். புல்லுக்கட்டோடு இரண்டு பெண்கள் வந்தார்கள். அவர்கள் போகட்டும் என்றார். கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருவன் வந்தான். அவன் நடுவில் இருக்கும்போது எப்படி எடுப்பது? பிறகு ஓர் ஆடு. அதைத் தள்ள ஒரு கிழவர். இருளப்பன் கல்லில் உட்கார்ந்தார். நாற்பது நிமிடம் போனது. ஏணி காலியாகவே இல்லை.

"பாரு பாப்பா, செருப்பக் கழட்டிட்டுத்தான் போகுதுங்க. ஆத்தா பேருக்குள்ள மரியாதை" என்றார். பலகை வழுக்கும் என்பதால்தான் என்று தனுஜாவுக்குத் தெரியும். சொல்லவில்லை.

அப்போது அக்கரையில் குணே அய்யா தென்பட்டார். சாரத்தை மடித்துக் கட்டிய பெரிய மீசைக்காரர். இருளப்பன் எழுந்து, ஏணியை உடனே கழற்று என்று சிங்களத்தில் முழங்கினார். ஓடைச் சத்தத்தில் ஒன்றும் போய்ச் சேரவில்லை. குணே அய்யா காதில் கைவைத்து, பிறகு கையை ஆட்டி, "என்ட, என்ட" என்று அக்கரைக்கு வரச்சொன்னார்.

திட்டுவதென்றாலும் கிட்டப் போய்த்தானே திட்ட வேண்டும்? இருளப்பன் செருப்பைக் கழற்றினார். ஏணியில் ஏறினார். ஐந்தாவது பலகையில் ஏணி ஒரு ஆட்டம் ஆடியது. அவர் இரண்டு கையையும் விரித்து அப்படியே நின்று, தலையை மட்டும் திருப்பி, இரண்டு கரைக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினார்.

"டேய், இப்ப எவனும் இழுத்துராதீங்கடா!"

தனுஜா வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு நடுவிலேயே நின்றுபோனது. லயத்துக்கு ஓடினாள். அக்கரையில் என்ன பேச்சு நடந்தது என்று அவள் பார்க்கவில்லை. பாலத்துக்குக் கடிதம் கொடுத்து நாலு மாதம், பதில் வந்த அன்றே ஏணி திரும்பும் என்று குணே அய்யா சொன்னதாகவும், அந்தக் கடிதத்தில் இருளப்பனும் ஒரு கையெழுத்து வைத்துவிட்டு, பலாப்பழத்தோடு அதே ஏணியில் திரும்பி வந்ததாகவும் பிறகு கேள்விப்பட்டாள்.

அன்று வெளிச்சம் மங்குவதற்குள் பதினோராம் பக்கம் நாலு பக்கமாகியது. இனி ஒரு துண்டைக் கைமாற்றும்போது கேர்னலுக்குத் தெரியாமல் மாற்ற முடியாது. யார் யாருக்குக் கொடுத்தார் என்ற கிளை கேர்னலின் கையில் இருக்கும். திருப்பி எடுப்பதற்கு யாரையும் கேட்கத் தேவையில்லை. மேலே வெட்டினால் கீழே உள்ள துண்டெல்லாம் செல்லாது. ஆனால் வெட்டுவதற்கு முன் ஒரு படி. புதிதாக யாரும் ஏற முடியாதபடி முதலில் மறிக்க வேண்டும். பாதி வழியில் உள்ளவர் கடந்து முடிக்க விட வேண்டும். தரவைச் சுமந்துகொண்டிருக்கும் சிப்பை நடுவில் பிடித்து இழுத்தால், பாதி எழுதிய தரவு பெட்டிக்குள் கொட்டும். காத்திருக்கவும் ஓர் எல்லை வேண்டும். எல்லை இல்லாவிட்டால் இருளப்பன் மாமாவைப்போலக் கல்லில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ஏணி கிடைக்காததால் அன்டெனா காட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குத் தனுஜா, கேபிள் இன்டர்நெட் உள்ள ஒரே இடமான லாபிர் நானாவின் கடையில், சீனி மூட்டைக்கும் சவர்க்காரத் தட்டுக்கும் நடுவில், முட்டைப் பெட்டிமேல் லெப்டொப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கூட்டம் ஆங்கிலத்தில் நடந்தது. திரையில் நிலந்தி மெடம். கண்ணாடி, சிரிக்காத முகம். பக்கத்துச் சதுரத்தில் றிஸ்மி. மெடம் பத்துப் பக்கத்தைப் பத்து நிமிடத்தில் கடந்து, பதினொன்றில் நின்றார்.

"முதலில் வந்த பிரதி வேறு. இன்று வந்தது வேறு."

"ஆமாம் மெடம். முதலில் அனுப்பியது பிழை."

"டின்மீன் ஒன்டு தாங்க" என்றது பின்னால் ஒரு குரல். தனுஜா திரும்பாமலே எட்டி எடுத்துக் கொடுத்தாள்.

"யாருக்கோ டின்மீன் வேண்டுமாம்" என்றார் மெடம்.

"கொடுத்துவிட்டேன் மெடம்."

மெடம் மேலே வாசித்தார். "துண்டைத் திருப்பி எடுக்கிற அந்த நொடியில் ஒரு டிரைவர் பாதி வேலையில் இருந்தால்?"

தனுஜா சொன்னாள். வழி மறிப்பது, கடக்க விடுவது, எல்லை வைப்பது. ஓரிடத்திலும் தடுமாறவில்லை. அது அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"நல்லது" என்றார் மெடம். "இந்த ஒழுங்கு எங்கிருந்து கிடைத்தது?"

ஓடை என்று எப்படிச் சொல்வது? இத்தனை படித்தவர்களின் முன்னால்? "ஒரு ஆய்வுக் கட்டுரையில் வாசித்தேன்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அருமை. லிங்க்கைப் போடுங்கள். நானும் வாசிக்க வேண்டும்."

தனுஜா திரையைப் பார்த்தாள். மெடம் காத்திருந்தார். றிஸ்மி காத்திருந்தான். முட்டைப் பெட்டிகூடக் காத்திருப்பதுபோல இருந்தது. அவள் முகம் போன போக்கைக் கவனித்த லாபிர் நானா கல்லாவிலிருந்து எட்டி, இரகசியக் குரலில், "என்ன புள்ள, கரைச்சலா? வேணும்டா நெட்ட நிப்பாட்டட்டா?" என்று சுவிட்ச்சில் கைவைத்தார்.

மெய்யாகவே ஒரு கணம் ஆசை வந்தது. நெட் போயிற்று என்றால் யார் குறை சொல்வார்கள்? தோட்டத்தில் நெட் போவது எல்லாரும் நம்புகிற விசயம். அவளே நாளைக்கு அதை நம்பிவிடுவாள்.

"வேணாம் நானா" என்றாள். பிறகு திரைக்குத் திரும்பினாள். "மெடம், கட்டுரை ஒன்றும் இல்லை. ஏணி."

"என்ன?"

"ஏணி மெடம். எங்கள் கோயில் ஏணி."

சொல்லத் தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை. மிளகு, டிஷ், போர்ட், வெசாக் கூடு, ஆடு, இருளப்பன். றிஸ்மியின் சதுரத்தில் அவன் மைக்கை அணைத்துவிட்டு, மேசைக்குக் கீழே எதையோ தேடுவதுபோலக் குனிந்துவிட்டான். தோள் மட்டும் குலுங்கியது. மெடம் சிரிக்கவில்லை. கேட்டு முடித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கரையில் எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்?"

"நாற்பது நிமிடம்."

"நோயாளிக்கு நாற்பது நிமிடம் இல்லை. உங்கள் எல்லை?"

"ஐம்பது மில்லி செக்கன். தட்டில் எழுத அதிகபட்சம் முப்பத்தொன்று எடுக்கிறது, அளந்து பார்த்தேன்."

"ஐம்பதும் தாண்டி ஒருவர் நடுவிலேயே நின்றால்? இழுப்பீர்களா?"

"இழுப்பேன் மெடம்."

"விழுவாரே."

"விழுவார். ஆனால் யார் விழுந்தார் என்று எங்களுக்குத் தெரியும். சிப்பைத் துடைத்துவிட்டு, அந்த ஒரு டிரைவரை மட்டும் மறுபடி எழுப்பலாம். மற்ற யாரும் விழமாட்டார்கள். துடிப்பு திரையில் ஓடிக்கொண்டே இருக்கும்."

மெடம் எதையோ எழுதினார். எழுதிக்கொண்டே இருந்தார். கடையில் யாரோ வெற்றிலை கேட்டு, லாபிர் நானா உஷ் என்று அதட்டியது தனுஜாவுக்குக் கேட்டது.

"சரி. இதைக் கட்டலாம்" என்றார் மெடம். "நிரந்தரக் கடிதம் திங்கட்கிழமை வரும். இன்னொன்று, தனுஜா. இனி இல்லாத கட்டுரையைச் சொல்லாதீர்கள். நான் எல்லா லிங்க்கையும் திறந்து பார்க்கிற ஆள்."

அவருடைய சதுரம் மறைந்தது. றிஸ்மி மேசைக்குக் கீழிருந்து எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே மைக்கைப் போட்டான். "இருளப்பன் மாமாக்கு என்ட சலாம் செல்லுங்க" என்றுவிட்டு அவனும் போனான்.

தனுஜா வீட்டுக்கு வந்தபோது அம்மா அப்போதுதான் மலையிலிருந்து இறங்கி, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கைக் கழற்றி உதறிக்கொண்டிருந்தாள். மகளின் முகத்தைப் பார்த்ததும் கை நின்றது.

"பேரு பதிஞ்சிட்டாங்களா?"

தோட்டத்தில் வேலை நிரந்தரமானால் அப்படித்தான் சொல்வார்கள். மூன்று மாதமாக அந்த வேலையை அம்மாவுக்கு எப்படி விளக்குவது என்று தனுஜா யோசித்திருக்கிறாள். இப்போது விளக்க ஒன்றும் மிச்சமில்லை. "பதிஞ்சிட்டாங்கம்மா."

அம்மா படங்கைக் கொடியில் போட்டாள். ஈரக் கையால் மகளின் கன்னத்தைத் தொட்டாள். கொழுந்துச் சாறு பச்சையாக ஒட்டியது. உடனே தோட்டத் தொழிலாளியாக மாறிவிட்டாள். "அப்ப இனி என்னா வேலை குடுப்பாங்க?"

"நாப்பத்திமூணு டிரைவர் இருக்கும்மா. ஒவ்வொன்னையும் பிரிச்சுப் பாத்து, எது எதத் தொடணும்னு கண்டுபிடிச்சு, துண்டு எழுதணும்."

"நாப்பத்திமூணா? ஒத்த ஆளா?"

"ஆமா."

"ஒனக்கென்ன பைத்தியமா? நாப்பத்திமூணுக்கு ஒத்த ஆள் நின்னா இடுப்பு ஒடிஞ்சிரும். கங்காணிகிட்ட சொல்லி ரெண்டு ஆள் கேளு. இன்னைக்கே கேளு. சும்மா இருந்தா கடைசி வரைக்கும் ஒன் தலையிலயேதான் கட்டுவாங்க."

திங்கட்கிழமை கடிதம் வந்தது. தனுஜா அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, முதல் வேலையாக றிஸ்மியை அழைத்து இரண்டு ஆள் கேட்டாள். ஒரு ஆள் கிடைத்தது.